சக்கரம் இல்லாமல் மண் வனைய: மலைநாட்டுப் பட்டறைக்கு ஒரு வழிமுறை

இலங்கையின் மலைநாட்டில் மண்ணுக்கோ விறகுக்கோ தட்டுப்பாடு கிடையாது. வெயிலுக்குத்தான் தட்டுப்பாடு. புதிதாக வனைகிறவர்களின் சட்டி உடைந்தால் முதலில் கையைக் குறை சொல்கிறார்கள். பெரும்பாலும் குற்றம் ஈரத்தின் மேல்தான் இருக்கும். ஆகவே பட்டறைக்கு நாள் குறிப்பதே முதல் வேலை.

ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியாப் பக்கம் மே தொடங்கி செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவ மழை. அங்கே ஜனவரிக் கடைசியிலிருந்து மார்ச் நடுப்பகுதி வரையுள்ள நாட்களைத்தான் நம்பலாம். ஊவாப் பக்கத்துப் பண்டாரவளை, வெலிமடை மலையின் மறுபுறம். ஜூன் முதல் ஓகஸ்ட் வரை அங்கே காய்ந்த காற்று அடிக்கும். அந்தக் காற்றும் ஒரு தொல்லைதான், ஏன் என்பது பின்னால் வருகிறது. ஒக்டோபரும் நவம்பரும் எந்தப் பக்கத்துக்கும் ஆகாது. கார்த்திகைத் தீபத்துக்குக் கையால் செய்த அகல் வேண்டுமென்றால் ஊவாப் பக்கத்தவர்கள் ஆடியிலேயே சுட்டு எடுத்து வைத்துவிட வேண்டும். ஐப்பசியில் மண் பிசையத் தொடங்குகிறவர் கடைசியில் கடையில்தான் அகல் வாங்குவார்.

பட்டறை என்றால் ஒரே நாளில் முடித்து, செய்ததைக் கையோடு எடுத்துப் போவது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி நடத்த முடியாது. வனைய ஒரு நாள், சுட ஒரு நாள், நடுவில் இரண்டு மூன்று வாரம். சொல்லிக் கொடுப்பவர் ஒருவர் என்றால் எட்டுப் பேர், மிஞ்சினால் பத்துப் பேர் போதும். ஆளுக்கு 2 கிலோ பதமான மண், ஒட்டுக் குழம்புக்கும் வீணாவதற்கும் இன்னொரு 5 கிலோ. பத்துப் பேருக்கு 25 கிலோ என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். இடத்துக்குக் கொழுந்து நிறுக்கும் மடுவம் போல மேலே கூரையும் பக்கங்கள் திறந்தும் உள்ள ஒரு கொட்டகை சரியாக இருக்கும். தண்ணீர்ப் பீலி பக்கத்தில் இருக்கட்டும், மடுவத்துக்குள் தண்ணீர் வழியக் கூடாது. மரத்தடி அழகுதான். ஆனால் மூடுபனி ஏறியதும் இலையிலிருந்து சொட்டுகிற தண்ணீர் நேராகச் சட்டிக்குள் விழும்.

மண் எடுப்பது

தேயிலை மலைச் சரிவில் தெரியும் செம்மண்ணைப் பார்த்ததும் கை பரபரக்கும். அது தனியாக வனையத் தோதில்லாத மண். இரும்புச் சத்து நிறைய, இழுவை குறைவு, வளைத்தால் பிளந்துவிடும். வயல் ஓரம், ஓடை வளைந்து திரும்பும் இடம், பழைய வடிகாலின் அடி, இவற்றில் தேடுங்கள். மேல் மண்ணையும் வேரையும் நீக்கி 30 முதல் 60 சென்ரிமீற்றர் ஆழம் வெட்டினால் சாம்பல் நிறத்திலோ மஞ்சள் கலந்த சாம்பலிலோ ஒரு படை வரும். மம்பட்டியில் ஒட்டிக்கொண்டு உதறினாலும் விழாமல் இருந்தால் அதுதான் களி.

வெட்டிய சரிவிலும் வீட்டுக்கு மேலே உள்ள பாத்தியிலும் ஒரு கூடை மண்கூட எடுக்காதீர்கள். 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தவில் நடந்த மண்சரிவு மலையில் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சமதரையில், நிலத்துக்காரரிடமோ தோட்ட நிர்வாகத்திடமோ கேட்டு எடுத்து, குழியை மூடிவிட்டு வாருங்கள். புற்று மண் நைசான நல்ல மண்தான். ஆனால் மஞ்சள் பூசிக் கும்பிடுகிற புற்றில் கை வைத்தால் பட்டறைக்கு ஊரில் ஒருவரும் வரமாட்டார்கள். உள்ளே பாம்பு இருப்பதும் உண்டு. ஓடைப் பக்கம் இறங்குமுன் காலில் சவர்க்காரத்தைப் பூசிக் காயவிட்டால் அட்டை ஏறுவது குறையும்.

பச்சையாக 40 கிலோ வெட்டினால் கல்லும் வேரும் போக 20, 25 கிலோ தேறும். மூட்டை கட்டித் தூக்குமுன் அங்கேயே ஒரு பிடி எடுத்துப் பென்சில் தடிப்பில் திரி உருட்டி விரலைச் சுற்றி வளைத்துப் பாருங்கள். வெடிக்காமல் சுற்றினால் நல்ல மண். மயிரிழை போல் கீறல் விழுந்தால் ஊறவைத்துப் புளிக்கவிட்டால் சரியாகும். உடைந்து விழுந்தால் வேறு இடம் பாருங்கள். வீட்டுக்கு வந்ததும் ஒரு துண்டைக் காயவைத்து வினாகிரி ஊற்றிப் பார்ப்பது நல்லது, முக்கியமாக மாத்தளை, திகன போன்ற சுண்ணாம்புக்கல் உள்ள பக்கங்களில். நுரைத்தால் உள்ளே சுண்ணாம்பு இருக்கிறது. சுட்ட பிறகு அந்தச் சுண்ணாம்புத் துணுக்கு காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்து வீங்கி, ஒரு வாரம் கழித்து நல்ல சட்டியின் மேனியில் காசு அளவுக்குச் சில்லைப் பெயர்த்துத் தள்ளும்.

சுருக்கத்தையும் அளந்துகொள்ளுங்கள். 12 சென்ரிமீற்றர் நீளப் பட்டை ஒன்று செய்து அதில் 10 சென்ரிமீற்றருக்குக் கோடு கீறி நிழலில் காயவிடுங்கள். கோடு 9.5 ஆனால் 5 வீதச் சுருக்கம், பிரச்சினை இல்லை. 9.2க்குக் கீழே போனால் மணலோ ஓட்டுத்தூளோ கூட்ட வேண்டும். நல்ல களியே கிடைக்காத உயரத் தோட்டங்களில் இருப்பவர்கள், கொழும்பு–கண்டி வீதியில் கேகாலைக்கு அருகே மொலகொடவில் மண்பாண்டம் செய்யும் குடும்பங்களிடம் பதப்படுத்திய மண்ணை விலைக்குக் கேட்டுப் பார்க்கலாம்.

பதப்படுத்துவது

ஈரமான கட்டியை அப்படியே தண்ணீரில் போடுவதுதான் எல்லோரும் செய்யும் முதல் தவறு. ஈரக்கட்டி தண்ணீருக்குள் நாள்கணக்கில் கட்டியாகவே கிடக்கும். முதலில் எலும்பு போல் காயவைத்துச் சுத்தியலால் நொறுக்குங்கள். காய்ந்த ஒரு துண்டைக் கண்ணாடிப் போத்தலில் தண்ணீருக்குள் விட்டுப் பட்டறைக்கு வந்தவர்களுக்குக் காட்டுங்கள்: சிறு குமிழிகள் சீறிக்கொண்டு மேலே வரும், விளிம்பு செதில் செதிலாகக் கழன்று விழும், தேத்தண்ணி குடித்து முடிப்பதற்குள் கட்டி இருந்த இடத்தில் ஒரு சேற்றுக் குவியல்தான் இருக்கும். காய்ந்த மண்ணின் நுண்துளைகளுக்குள் தண்ணீர் பாய்ந்து காற்றை வெளியே தள்ளுவதால்தான் அப்படி உதிர்கிறது.

ஊறிய குழம்பை இரட்டையாக மடித்த கொசு வலையில் வடியுங்கள். இரண்டு நாள் தெளியவிட்டு மேல் தண்ணீரை இறுத்துவிட்டு, மிச்சத்தைப் பழைய தலையணை உறையில் ஊற்றிக் கட்டித் தொங்கவிடுங்கள். பண்டாரவளையில் மூன்று நாளில் இறுகுவது நுவரெலியாவில் ஒரு வாரம் எடுக்கும். தேத்தண்ணிக் கோப்பையைப் பிடிப்பது போல் மண்ணைப் பிடித்தால் விரல் அடையாளம் பதியும், விரலில் மண் ஒட்டாது என்ற பதம் வரும்போது இறக்குங்கள்.

குழிச்சூளையில் சுடப்போகும் மண்ணுக்குத் திண்மம், அதாவது மணலோ ஓட்டுத்தூளோ, கட்டாயம் சேர்க்க வேண்டும். நாலு சுண்டு களிக்கு ஒரு சுண்டு. ஆற்று மணலைவிட ஓட்டுத்தூள் நல்லது: உடைந்த கூரை ஓட்டையோ பழைய பூச்சட்டியையோ சாக்குக்குள் போட்டு இடித்து, மா அரிக்கும் அரிதட்டில் அரித்தெடுப்பது. (அந்த அரிதட்டு இனி மாவுக்குத் திரும்பாது, வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.) ஏற்கெனவே ஒருமுறை சுட்ட மண் என்பதால் ஓட்டுத்தூள் இனிச் சுருங்காது, சட்டியின் உடம்பைத் திறந்து ஆவிக்கு வழிவிடும். மணலில் உள்ள குவார்ட்ஸ் 573 பாகை செல்சியசில் சட்டென்று பருக்கும். கூடுதலாகப் போட்டால் அதுவே கீறலுக்குக் காரணமாகும். தூளைக் கையாளும்போது தண்ணீர் தெளித்துக்கொள்ளுங்கள், வேலை முடிந்ததும் மடுவத்தைக் கூட்டாமல் ஈரத்துணியால் துடையுங்கள். அந்தத் தூசு நெஞ்சுக்குக் கெடுதல்.

பிசைவது ரொட்டிக்கு மா பிசைகிற அதே கை அசைவுதான்: உள்ளங்கையின் அடியால் தள்ளு, சுருட்டு, கால்வாசி திருப்பு. நூறு தடவை. பிறகு கம்பியால் நடுவில் வெட்டிப் பார்த்தால் ஓட்டை தெரியக் கூடாது. உள்ளே காற்றுக் குமிழ் இருந்தால் சூளையில் வெடிக்கும் என்று சொல்வது வழக்கம். வெடிக்கச் செய்வது காற்றல்ல, ஆவியாகும் தண்ணீர். குமிழைப் போக்குவது சுவர் ஒரே கனமாக வரவேண்டும் என்பதற்காக. பிசைந்த மண்ணைப் பொலித்தீனில் இறுக்கிச் சுற்றி இரண்டு வாரம் வைத்தால் இழுவை கூடும். திறக்கும்போது சேற்று நாற்றம் அடித்தால் மண் பதமாகிவிட்டது என்று அர்த்தம்.

வனைவது

பட்டறை நாளில் எல்லோரும் அகலில் தொடங்கட்டும். பெரிய எலுமிச்சம்பழ அளவு, ஏறத்தாழ 120 கிராம் உருண்டை. பெருவிரலை நடுவில் அழுத்தி அடியில் 8 மில்லிமீற்றர் மிஞ்சும்போது நிறுத்துங்கள். பிறகு உருண்டையைக் கையில் சுழற்றிக்கொண்டே அடியிலிருந்து மேலே மேலே கிள்ளி ஏற்றுங்கள். புதியவர்கள் விளிம்பைத்தான் முதலில் கிள்ளுவார்கள்; விளிம்பு மெலிந்து விரிந்து, காய்ந்து, வெடிக்கும், அடியோ குண்டாகவே கிடக்கும். விளிம்பைக் கடைசிவரை தடிப்பாக விட்டு வையுங்கள். கீறல் தெரிந்தால் விரல் நுனியை மட்டும் நனைத்துத் தடவுங்கள். தண்ணீரை அள்ளித் தெளித்தால் அந்த நேரத்துக்கு மினுமினுப்பாகத்தான் தெரியும், அரை மணியில் அகல் சரிந்து தட்டாகிவிடும். திரி வைக்கும் மூக்கைக் கடைசியில், மண் சற்று இறுகியதும் இழுக்க வேண்டும்.

அடுத்தது மண் திரி அடுக்கிச் செய்யும் பூச்சட்டி. 10 சென்ரிமீற்றர் அகலம், 8 மில்லிமீற்றர் தடிப்பில் அடித்தட்டு. அதன் மேல் சிறுவிரல் தடிப்புத் திரிகள். ஒட்டும் இரண்டு பக்கத்தையும் முள்ளுக்கரண்டியால் குறுக்கும் மறுக்கும் கீறி, கெட்டித் தயிர்ப் பதத்தில் கரைத்த அதே மண்ணைப் பூசித்தான் ஒட்ட வேண்டும். வெறும் தண்ணீர் ஒட்டாது. திரியை வைத்ததும் உட்பக்கம் பெருவிரலால் கீழ்நோக்கி இழுத்து மூட்டு வரியை அழித்துவிடுங்கள். வெளிப்பக்கம் திரியின் வரி தெரிந்தாலும் பாதகமில்லை, உட்பக்கம் தெரிந்தால் அந்த வரியில்தான் சட்டி பிளக்கும். ஒரே மூச்சில் மூன்று நான்கு திரிக்கு மேல் ஏற்றாதீர்கள். அரை மணி பொறுத்து, பனி இறங்கிய நாளென்றால் ஒரு மணி பொறுத்து, சுவர் தன்னைத்தான் தாங்கும் நிலைக்கு வந்ததும் மேலே தொடருங்கள். இல்லாவிட்டால் வயிறு சரியும். மழமழப்பாக்கச் சிரட்டைத் துண்டொன்றின் ஓரத்தைக் கல்லில் தேய்த்து வைத்துக்கொண்டால் கடையில் விற்கும் எந்த ஆயுதமும் வேண்டாம். சட்டியின் வளைவுக்கு வளைவு அது தானாகப் பொருந்தும்.

தட்டு செய்ய மண்ணைத் துணி மேல் வைத்து, இரண்டு பக்கமும் 8 மில்லிமீற்றர் சட்டங்கள் வைத்து, பிவிசி குழாய்த் துண்டால் உருட்டுங்கள். இரண்டு உருட்டுக்கு ஒருமுறை திருப்பிப் போடுங்கள். மேலே இலை அச்சு வைக்க எல்லோரும் கொழுந்தைத்தான் தேடுவார்கள். கொழுந்து மெத்தென்று நசுங்கிவிடும். கீழே உள்ள முற்றல் இலையின் பின்பக்கம்தான் நரம்பு நரம்பாகப் பதியும். பன்னத்தின் (பெரணி) இலையும் நன்றாக வரும். தட்டைக் கையால் தூக்காமல் துணியோடு தூக்கி, பீங்கான் தட்டில் பத்திரிகைத் தாள் விரித்து அதற்குள் படியவிடுங்கள். ஒருமுறை வளைந்த மண் அந்த வளைவை மறக்காது. நேராக்கி வைத்தாலும் காயும்போது மறுபடி நெளியும். முதல் பட்டறையில் கைபிடி வேண்டாம்.

காயவைப்பது

பட்டறைக் காலத்தில் பெரும்பகுதி இதற்குத்தான் போகிறது, ஆனால் இதைச் சொல்லிக் கொடுப்பவர்கள் குறைவு. முதல் இரண்டு நாள் பொலித்தீனைத் தளர்வாக மூடி வையுங்கள். விளிம்பு முந்தி, அடி பிந்திக் காய்வதுதான் வழக்கம். அந்த வித்தியாசமே கீறல். அதனால் விளிம்பில் மட்டும் ஈரத்துணிப் பட்டை சுற்றுவதும், இரண்டாம் நாள் கவிழ்த்து வைப்பதும் உதவும். அடியில் பத்திரிகைத் தாள் இருக்கட்டும், சுருங்கும்போது சட்டி அதன் மேல் வழுக்கி நகரும். வெறும் பலகையில் ஒட்டிக்கொண்டால் நடு அடி குறுக்கே கிழியும்.

நகத்தால் அழுத்தினால் கோடு விழும், விரலால் அழுத்தினால் பதியாது என்ற பதம் வந்ததும் ஓடையில் பொறுக்கிய வழுவழுப்பான கூழாங்கல்லால் தேய்த்துப் பளபளப்பாக்கலாம். இந்தப் பதம் ஒரு நாள்தான் நிற்கும். அதன் பிறகு பொலித்தீனை எடுத்துவிட்டுத் தாள் மட்டும் மூடி ஐந்து நாள், பிறகு திறந்து வைத்து ஒரு வாரம். ஊவாப் பக்கத்தில் காற்றுக்காலத்தில் மூன்று பக்கமும் படங்கு கட்டி மறையுங்கள். காற்று ஒரு பக்கத்தில் மட்டும் அடித்தால் அந்தப் பக்கம் முந்திச் சுருங்கி வாய் முட்டை வடிவமாகிவிடும். ஹட்டன் பக்கத்தில் எவ்வளவு நாள் வைத்தாலும் முழுதாகக் காயாது. கடைசி நான்கைந்து நாள் குசினி அடுப்புக்கு மேலே விறகு காயவைக்கும் பரணில் ஏற்றிவிடுங்கள். அதைவிட நல்ல காயும் இடம் மலையில் இல்லை.

காய்ந்ததா என்று பார்க்கக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். குளிர்ந்தால் இன்னும் ஈரம். சமையல் தராசு இருந்தால் இரண்டு நாள் இடைவெளியில் நிறுத்துப் பார்ப்பது இன்னும் உறுதி. நிறை குறைவது நின்றால் சரி.

சுடுவது

குழி லயத்து வீடுகளிலிருந்தும் தேயிலையிலிருந்தும் தள்ளி இருக்க வேண்டும். மானாப்புல் பத்தனைக்கு (புல்வெளிக்கு) பக்கத்திலோ காற்று வீசும் நாளிலோ நெருப்பு மூட்டவே கூடாது. இரண்டு வாளி தண்ணீரும் பச்சைக் கொப்பும் கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும், அக்கம்பக்கத்துக்கும் சொல்லி வையுங்கள்.

90 சென்ரிமீற்றர் அகலம், 50 ஆழம். இருபத்தைந்து முப்பது சிறு சாமான் கொள்ளும். மலைநாட்டு நிலம் உள்ளே எப்போதும் ஈரம். முந்திய நாளே குழிக்குள் வெறும் நெருப்பு மூட்டிக் குழியைக் காயவைக்காவிட்டால், மறுநாள் எரிகிற சூட்டில் பாதி நிலத்தைக் காயவைக்கவே போய்விடும்.

சுடும் நாள் காலையில் குழிக்கு வெளியே சிறு நெருப்பு மூட்டி, அரை மீற்றர் தள்ளிச் சட்டிகளை வட்டமாக வையுங்கள். அரை மணிக்கு ஒருமுறை திருப்பி, சற்றே கிட்ட நகர்த்துங்கள். இரண்டரை மணி நேரமாவது இப்படி. நுவரெலியா உயரத்தில் தண்ணீர் ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதித்துவிடும். அந்தக் கட்டத்தை மெதுவாகத் தாண்டினால்தான் சட்டி தப்பும். சந்தேகம் இருந்தால் குளிர்ந்த கண்ணாடியைச் சட்டியின் வாய்க்கு மேலே பிடியுங்கள். கண்ணாடி மங்கினால் உள்ளே இன்னும் தண்ணீர் இருக்கிறது.

குழியில் அடியில் 10 சென்ரிமீற்றர் மரத்தூள், மரக்காலைகளில் கிடைக்கும். அதன் மேல் வறட்டி. சூடாக இருக்கும் சட்டிகளைத் துணி சுற்றிய கையால் எடுத்துக் கவிழ்த்து அடுக்குங்கள், பெரியது கீழே. இடைவெளியில் மரத்தூள் தூவி, மேலே காய்ந்த மானாப்புல், அதற்கு மேல் கவ்வாத்து விறகு (தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும்போது விழும் கிளைகள்), எல்லாவற்றுக்கும் மேல் யூகலிப்டஸ் கட்டைகள். கவ்வாத்துக் குச்சி மெல்லியது, அடர்த்தியானது, நின்று எரியும். இந்த வேலைக்கென்றே வெட்டியது போலிருக்கும். எல்லாமாக 50 கிலோ காய்ந்த விறகு வேண்டும். நெருப்பை மேலே மூட்டுங்கள். கீழே மூட்டினால் சட்டிகள் ஒரே அடியில் சூடேறி வெடிக்கும். மேலே மூட்டினால் சூடு மெல்ல மெல்ல இறங்கும்.

மூன்று நான்கு மணியில் விறகு தணலாகும். அப்போது சாம்பலை மேலே தள்ளி, துருப்பிடித்த பழைய தகரத்தால் மூடுங்கள். நாகப் பூச்சுள்ள புதுத் தகரம் வேண்டாம். சூட்டில் அந்தப் பூச்சு நச்சுப் புகையாகும். சாமான் முழுவதும் கறுப்பாக வேண்டுமென்றால் தணல் செந்நிறமாக இருக்கும்போதே மரத்தூளைக் கொட்டி மண் போட்டு அடைத்துவிடலாம். காற்றுப் பட்ட இடம் சிவக்கும், தணல் தொட்ட இடம் கறுக்கும். எது எங்கே வரும் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது.

மறுநாள் காலை வரை திறக்காதீர்கள். இரவில் பனிக்காற்று பட்டால் சூடான சட்டி "டிக்" என்று ஒரு சத்தம் போடும். அந்தச் சத்தம் கேட்டால் ஒரு சாமான் போய்விட்டது.

எடுத்ததும் உடைந்தவற்றையும் தூக்கி எறியாமல் பாருங்கள். மேனியில் கிளிஞ்சல் போல் சில்லுச் சில்லாகப் பெயர்ந்திருந்தால் ஈரம் மிஞ்சியிருந்தது. வாயிலிருந்து அடிவரை நீளக் கோடு விழுந்திருந்தால் ஆறும்போது காற்றுப் பட்டது. ஒட்டிய இடத்தில் பிரிந்திருந்தால் கீறலும் குழம்பும் போதவில்லை. நல்லதாகத் தெரிவதை விரல் முட்டியால் தட்டுங்கள். கணீரென்றால் வெந்தது, பொத்தென்றால் வேகவில்லை. சந்தேகமான துண்டொன்றை ஓர் இரவு தண்ணீரில் போட்டால் வேகாத மண் காலையில் சேறாகிக் கிடக்கும். கரையாத ஆனால் மெத்தென்ற சட்டிகளை அடுத்த குழியில் மறுபடி சுடலாம்.

குழிச்சூளைச் சாமான் நீர் கசியும். பாலும் கறியும் வைக்க வேண்டாம், கறை ஏறிப் பூஞ்சை பிடிக்கும். பூச்சட்டி, தூபக்கால், அகல் என்று வைத்துக்கொள்ளுங்கள். புது அகலை ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்து, மேல் ஈரம் போக நிழலில் காயவிட்டு, பிறகு எண்ணெய் ஊற்றுங்கள். துளைகள் தண்ணீரைக் குடித்திருப்பதால் எண்ணெய் குடிப்பது குறையும். அப்படியும் முதல் இரண்டு நாள் கசியும். அடியில் ஒரு வாழையிலைத் துண்டு வையுங்கள்.